இருபத்தைந்து டேப்லெட்டுகளா, இரண்டு பயிற்றுநர்களா?

கேள்வி: ஐயா, கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி எல்லையை ஒட்டிய மீனவக் கிராமம் ஒன்றில் இளைஞர் மன்றச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள், பிள்ளைகளின் படிப்புக்கென்று இரண்டரை லட்சம் ரூபாய் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் படிக்கும் இருபத்தைந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தால், டவுனில் மெட்ரிக் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சமமாக வந்துவிடுவார்கள் என்று மன்றத்தில் பலர் சொல்கிறார்கள். மகளிர் குழுவினரோ அந்தப் பணத்தில் மாலை வகுப்பு நடத்தச் சொல்கிறார்கள். பணம் அனுப்பியவர்கள் டேப்லெட் வழங்கும் விழாவின் படத்தை எதிர்பார்க்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் சிலர் எல்லைக்கு அப்பால் புதுச்சேரி அரசுப் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். தொழில்நுட்பத்தால் இந்த ஏற்றத்தாழ்வு உண்மையிலேயே குறையுமா? நாங்கள் என்ன செய்வது சரியாக இருக்கும்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.

உங்கள் ஊர் மகளிர் குழுவினர் சொல்வதன் பக்கமே நான் நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பத்தால் கல்வியில் உள்ள ஏற்றத்தாழ்வு குறையுமா என்றால், குறையும் என்பதுதான் என் பதில். ஆனால் அப்படிக் குறைந்த இடங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் கருவிக்குப் பக்கத்தில் பிள்ளையின் பெயரும் படிப்பு நிலையும் தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார். அப்படி ஒருவர் இல்லாமல் கருவி மட்டும் போய்ச் சேர்ந்த இடங்களில் பிள்ளைகளின் படிப்பு இருந்த இடத்திலேயே நின்றிருக்கிறது. இரண்டரை லட்சம் என்பது உங்கள் ஊருக்குச் சிறிய தொகை அல்ல. கடல்கடந்து உழைப்பவர்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆளுக்கொரு கருவி என்ற எண்ணம் புதிதல்ல. தென் அமெரிக்காவில் பெரு நாடு, ஏழைக் கிராமப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தை மிகப் பெரிய அளவில் நடத்தியது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319-ஐ எடுத்துக்கொண்டு, கணினி பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2012-இல் வெளிவந்தது. பிள்ளைகளுக்குக் கணினியைக் கையாளத் தெரிந்திருந்தது. மொழிப்பாடத்திலும் கணக்கிலும் மட்டும் இரு தரப்புக்கும் இடையே வேறுபாடு எதுவும் தென்படவில்லை. தமிழ்நாட்டிலும் 2011 முதல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கப்பட்டது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கல்லூரிக்குப் போன முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்கு அதுவே வீட்டுக்கு வந்த முதல் கணினி. ஆனால் ஆசிரியர் பயிற்சிக்காக நான் சென்றுவந்த ஊர்களில் கண்டதைச் சொல்வதானால், கல்லூரியில் படிக்கும் அக்காவோ அண்ணனோ இருந்த வீட்டில் அது படிப்புக்கு உதவியது. சொல்லிக் கொடுக்க ஆளில்லாத வீட்டில் படம் பார்க்கத்தான் பயன்பட்டது. ஏற்கெனவே ஓரளவு கைதூக்கிவிட ஆள் உள்ள பிள்ளைக்கே கருவி கூடுதலாகக் கைகொடுத்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

உங்கள் ஊரில் படகுகளுக்கு ஜி.பி.எஸ். வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். கருவி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரருக்கு அதனால் கிடைத்ததும், கரையோரம் ஃபைபர் படகில் போய்வருபவருக்குக் கிடைத்ததும் ஒன்றாக இருக்கவில்லை. டேப்லெட்டும் அப்படியே. டவுனில் இருக்கும் பிள்ளை அதைத் தொடும்போது பக்கத்தில் டியூஷன் ஆசிரியர் இருக்கிறார், தனி அறை இருக்கிறது, கேள்விக்குப் பதில் சொல்லப் படித்த பெற்றோர் இருக்கிறார்கள். அவை எதுவும் இல்லாத பிள்ளையின் கையில் அதே கருவியை வைத்துவிட்டு இருவரும் சமமாகிவிட்டார்கள் என்று சொல்வது நியாயமாகாது.

கருவி வீட்டுக்குப் போனால் பிள்ளையின் கையில் தங்குமா என்பதும் ஒரு கேள்விதான். இன்று உங்கள் ஊரில் ஒரு செல்பேசி எப்படிச் சுற்றி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அப்பாவோடு கடலுக்குப் போகிறது. கரை திரும்பியதும் ஏலத்துக்கும் விலை கேட்பதற்கும் அம்மாவோடு மீன் மார்க்கெட்டுக்குப் போகிறது. மாலையில் வீடு வந்தால் அண்ணன் கைக்குப் போகிறது. பெண் பிள்ளையிடம் வந்து சேரும்போது சார்ஜும் டேட்டாவும் தீர்ந்திருக்கின்றன. இந்தியக் கிராமப் பிள்ளைகளின் கல்வி நிலையைப் பார்க்கும் அசர் கணக்கெடுப்பு பள்ளிகள் மூடிக்கிடந்த 2021-இல் எடுக்கப்பட்டபோது, பள்ளிப் பிள்ளைகளில் 67.6 விழுக்காட்டினரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் போன் இருந்த வீடுகளிலேயே நான்கில் ஒரு பிள்ளைக்கு அதைத் தொடும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 14 முதல் 18 வயதினரிடம் 2023-இல் எடுத்த அசர் கணக்கெடுப்பில், சொந்தமாகப் போன் வைத்திருந்த ஆண் பிள்ளைகளின் விகிதம் பெண் பிள்ளைகளைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. தங்கை பெயரில் கொடுத்த டேப்லெட் அண்ணனிடம் போகாது என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. கடற்கரை வீடுகளில் உப்புக் காற்று சார்ஜ் போடும் இடத்தைத் துரு ஏற்றிவிடும் என்பதை நீங்களே என்னைவிட நன்கு அறிவீர்கள்.

இனி அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கும் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இடையிலான இடைவெளி எங்கே இருக்கிறது என்று நீங்கள் பார்த்தீர்களா? கருவி இல்லாததுதான் இடைவெளி என்று மன்றத்தில் முடிவு செய்துவிட்டதாகத் தோன்றுகிறது. டேப்லெட் கடைக்குப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து பிள்ளைகளையும் சமுதாயக் கூடத்துக்கு வரச் சொல்லுங்கள். ஒவ்வொருவராகத் தனியே உட்கார வைத்து, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு 824-ஐ எட்டால் வகுக்கச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் கேட்கும்படி செய்யாதீர்கள். தவறினால் யாரும் சிரிக்கக் கூடாது.

இந்த ஒரு வகுத்தல் கணக்கு எவ்வளவு சொல்லும் என்பதைச் சற்றே விளக்க வேண்டும். சரியான விடை 103. பல பிள்ளைகள் 13 என்று எழுதுவார்கள். எட்டுக்கு ஒன்று போட்டு, அடுத்த இரண்டில் எட்டு போகாது என்று தெரிந்ததும், அங்கே சுழியம் இட வேண்டும் என்பதை விட்டுவிட்டு நான்கை இறக்கி, இருபத்து நான்குக்கு மூன்று என்று முடித்துவிடுவார்கள். எண்ணூறுக்கு மேற்பட்ட தொகையை எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு வெறும் பதின்மூன்று வருமா என்ற ஐயம் அவர்களுக்கு எழாது, ஏனென்றால் இடமதிப்பு என்பதே மனத்தில் பதியவில்லை. இது நான்காம் வகுப்பிலேயே கற்று முடித்திருக்க வேண்டியது. இந்தப் பிள்ளையின் கையில் டேப்லெட்டைக் கொடுத்தால் அதில் என்ன பார்க்கும்? பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டுக் காணொலியைப் பார்க்கும். எவ்வளவு அழகாகச் சொல்லிக் கொடுத்த காணொலியாக இருந்தாலும், எத்தனை முறை திரும்பப் போட்டாலும், அது அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலேதான் போகும். கைடைப் பார்த்து விடையை மனப்பாடம் செய்து வகுப்புக்கு வகுப்பு ஏறி வந்த பிள்ளைகளை இந்த நிலையில்தான் பார்க்கிறோம். குற்றம் அவர்களுடையது அல்ல. மேலே சொன்ன 2023 கணக்கெடுப்பில், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. நான்கில் ஒருவருக்கு இரண்டாம் வகுப்புப் பத்தியைத் தாய்மொழியில் தடங்கலின்றிப் படிக்க வரவில்லை.

தொழில்நுட்பம் மெய்யாகவே உதவியது இந்த இடத்தில்தான். டெல்லியில் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் பள்ளி முடிந்தபின் ஒரு மையத்துக்கு வந்தார்கள். வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம். அதில் பாதி நேரம் கணினியிலும் பாதி நேரம் சிறு குழுவாகப் பயிற்றுநரிடமும் கழிந்தது. கணினியில் இருந்த மென்பொருள் பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் அதன் உண்மையான நிலையைச் சோதித்து, அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கியது. நாலரை மாதத்தில் அந்தப் பிள்ளைகள் கணக்கில் அடைந்த முன்னேற்றம், மையத்துக்கு வராத பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு. வகுப்பில் மிகவும் பின்தங்கியிருந்தவர்கள் வழக்கமான பள்ளிப் பாடத்தால் அநேகமாக எந்த முன்னேற்றமும் அடையாத நிலையில், மையத்துக்கு வந்த அதே நிலைப் பிள்ளைகள் முன்னேறினார்கள் என்பதுதான் என்னை மிகவும் தொட்ட செய்தி. நாற்பது பிள்ளைகளை நாற்பது நிலைகளில் வைத்துக் கற்பிப்பது எந்த ஆசிரியராலும் ஆகாத காரியம். கருவியால் அது ஆகிறது. ஆனால் அங்கும் பிள்ளைகள் தினமும் வந்து உட்கார ஓரிடமும், வராத பிள்ளையை ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆளும் இருந்தார்கள்.

இதற்குச் சான்று தேடி டெல்லிவரை போக வேண்டியதுகூட இல்லை. கொரோனாக் காலத்தில் கல்வித் தொலைக்காட்சி வழியாகத் தமிழ்நாடு முழுவதும் பாடம் ஒளிபரப்பப்பட்டது. அதைத் தயாரித்த ஆசிரியர்களின் உழைப்பை நான் நேரில் அறிவேன். ஆயினும் பள்ளிகள் மூடியிருந்த அந்த ஒன்றரை ஆண்டில் கிராமத்துப் பிள்ளைகள் இழந்தது மிக அதிகம். பிறகு 2021 அக்டோபரில், உங்கள் ஊருக்கு வடக்கே அதே கடற்கரையில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தந்த ஊரில் படித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்கள் பெருவாரியாகத் தன்னார்வலர்களாகச் சேர்ந்து, மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வாளர்கள், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டார்கள். தன்னார்வலரைப் பதிவு செய்யவும் வருகையைக் குறிக்கவும் அங்கே செல்பேசிச் செயலி பயன்பட்டது. பாடம் நடத்தியவர் பக்கத்துத் தெரு அக்கா.

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் அதே காலத்தில் 4,500-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடையே செய்த சோதனை இன்னும் எளியது. சாதாரண பட்டன் போனுக்கு வாரந்தோறும் கணக்குக் கேள்விகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். செய்தி மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் மாற்றம் இல்லை. செய்தியோடு ஒருவர் வாரம் ஒருமுறை சுமார் இருபது நிமிடம் பேசி அந்தக் கணக்கை உடனிருந்து போட வைத்தபோது முன்னேற்றம் தெரிந்தது. மழைக்காலத்தில் உங்கள் ஊர் மாலை வகுப்பு நடக்காத நாட்களுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே என் யோசனை இது. இருபத்தைந்து டேப்லெட்டுக்குப் பதில் எட்டு வாங்குங்கள். ஒன்று பத்தாயிரம் என்றால் எண்பதாயிரம் ஆகும். அவை யார் வீட்டுக்கும் போகக் கூடாது. மன்றத்தின் பதிவேட்டில் எண்ணிட்டு, சமுதாயக் கூடத்தில் பூட்டும் அலமாரியில் இருக்க வேண்டும். உங்கள் ஊரிலேயே பட்டம் முடித்த பெண்கள் இருவரைப் பயிற்றுநராக வையுங்கள். மாதம் ஆளுக்கு நாலாயிரம் கொடுத்தால் ஓர் ஆண்டுக்குத் தொண்ணூற்றாறாயிரம் ஆகும். அது குறைவான ஊதியம்தான், ஆனால் தவறாமல் மாதம் பிறந்ததும் கொடுங்கள். இலவசமாகச் செய்யச் சொல்லி இரண்டாவது மாதத்தில் வகுப்பு நின்றுபோன ஊர்களைப் பார்த்திருக்கிறேன். பிராட்பேண்ட் இணைப்புக்கு ஏழாயிரத்துச் சொச்சம், மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருபத்தைந்தாயிரம், நோட்டு, அச்சடிப்பு முதலியவற்றுக்குப் பதினைந்தாயிரம் என்று வைத்தாலும், ஏறத்தாழ இருபத்தாறாயிரம் கையில் மிஞ்சும். அது பழுதுபார்ப்புக்கும், பின்னால் சொல்லப்போகும் விண்ணப்பக் காலத்துக்கும்.

மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை வகுப்பு நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைச் சோதனையில் தெரிந்த நிலையை வைத்துப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஒன்பதா பத்தா என்ற வகுப்பைப் பார்க்க வேண்டாம். இரண்டு குழுக்கள் இரண்டு பயிற்றுநர்களிடம் இருக்கும்போது மூன்றாவது குழு டேப்லெட்டில் இருக்கும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்படும் கியூ.ஆர். குறியீடுகளை ஸ்கேன் செய்தால் அரசின் தீக்ஷா என்ற கல்விச் செயலியில் அந்தப் பாடத்துக்குரிய காணொலி கிடைக்கும்; முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாதபோதும் ஓடும். அந்தச் செயலி பாடங்களின் தொகுப்புதான், பிள்ளையின் தவறைப் பார்த்துத் தானாகக் கீழிறங்கி வராது. 13 என்று எழுதிய பிள்ளைக்கு நான்காம் வகுப்புப் பாடத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியது பயிற்றுநரின் வேலை. 'நான் பத்தாவது, எனக்கு நாலாவது பாடமா' என்று பிள்ளைக்கு வெட்கம் வரும். முதல் மாதம் முழுவதும் அந்த வெட்கத்தைப் போக்குவதிலேயே கழிந்தாலும் அது வீணல்ல. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால், எல்லை தாண்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு நம் கல்வித் தொலைக்காட்சிக் காணொலிகள் பாடத்துக்குப் பாடம் பொருந்தா. அடிப்படைக் கணக்குக்கும் வாசிப்புக்கும் எல்லை இல்லை என்பதால் மையத்தில் அவர்களையும் சேர்த்தே உட்கார வையுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு தனி ஏற்பாடு வேண்டும். மையம் முடிந்து அவர்கள் வீடு சேரும் வழியில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், எட்டில் நான்கு டேப்லெட் எப்போதும் அவர்களுக்கு என்று எழுதி ஒட்டுங்கள். பெண் பிள்ளைக்குப் போன் எதற்கு என்று கேட்கும் பெரியவர் இருந்தால், மகளிர் விடுதியில் செல்பேசிக்கு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையம் பெறும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்ததை அவரிடம் பணிவாகச் சொல்லலாம்.

கருவி இல்லாமல் முடியவே முடியாத இடங்களும் உண்டு. அங்கே தயங்காமல் செலவழியுங்கள். உங்கள் ஊரில் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை ஒன்று இருந்தால், முதல் கருவி அந்தப் பிள்ளைக்கே போக வேண்டும், அதுவும் வீட்டுக்கே. விண்டோஸ் கணினியின் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம், தமிழையும் படிக்கும். வாசித்துக் காட்ட யாரையும் எதிர்பார்க்காமல் தானே ஒரு நூலைப் படித்து முடிக்கும் வாய்ப்பை அந்தப் பிள்ளைக்கு வேறு எதுவும் தராது.

இன்னொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் வரும் விண்ணப்பக் காலம். உங்கள் கடிதத்தில் இது இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் கூர்மையுள்ள இடம் இதுதான் என்பதால் எழுதுகிறேன். முன்பு பொறியியல் கலந்தாய்வுக்குக் கடலூரிலிருந்து தகப்பனும் பிள்ளையும் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய் வர வேண்டியிருந்தது. 2018-இல் அது இணையவழிக்கு மாறியது. பயணமும் கூலி இழப்பும் மிச்சம்; இது ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய உதவி. ஆனால் வழி தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை நூற்றுக்கணக்கான விருப்பங்களை யோசித்து வரிசைப்படுத்திக் கொடுக்கும்போது, வழி தெரியாத பிள்ளை என்ன செய்கிறது? ப்ரவுசிங் சென்டர் ஒன்றில் ஒரு மாணவியையும் அவள் தந்தையையும் பார்த்தேன். 'எந்தக் காலேஜ் போடணும்?' என்று கணினி முன் இருந்தவர் கேட்டபோது, ஊர் வழியே போகும் கல்லூரிப் பேருந்தில் பார்த்த இரண்டு பெயர்களைத்தான் அவர்களால் சொல்ல முடிந்தது. பின்னால் வரிசை நீண்டிருந்தது. பதிவுக்குக் கொடுத்த செல்பேசி எண்ணும் அவர்களுடையது அல்ல, கடைக்காரருடையது. இடம் ஒதுக்கிய செய்தி அந்த எண்ணுக்கு வரும், குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். நல்ல மதிப்பெண் பெற்றும் இப்படி இடம் இழக்கும் பிள்ளைகளுக்கு எந்தத் தேர்வு முடிவிலும் கணக்கில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் உண்டு; அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைத் தவறவிட்டால் நான்கு ஆண்டுச் செலவும் குடும்பத்தின் தலையில் விழும். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போது பிள்ளையை எல்லைக்கு அப்பால் பள்ளி மாற்ற நினைக்கும் பெற்றோருக்கு இந்த நிபந்தனையை முன்னதாகவே சொல்லி வையுங்கள். விண்ணப்பக் காலம் வழக்கமாக மே மாதத்தில் வருகிறது; உங்களுக்கோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ரீசார்ஜ் செய்யவும் பணம் தட்டுப்படும் நேரம். ஆகவே ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் மையத்தின் இணைப்பும் டேப்லெட்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஊரில் ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும் இருவர் உடனிருந்து, பிள்ளையின் சொந்த வீட்டு எண்ணில் பதிவு செய்து, கல்லூரிகளை வரிசைப்படுத்த உதவட்டும். விண்ணப்பக் கட்டணத்துக்குத்தான் அந்த மிச்சப் பணம்.

பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அது வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் கேட்கட்டும். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. கேட்கும் முறை மரியாதையாக இருந்தால், தலைமை ஆசிரியர்கள் பெரும்பாலும் மகிழ்ந்தே ஒத்துழைப்பார்கள். மாதத் தவணையில் வகுப்புச் செயலி விற்க வருபவரை மட்டும் மையத்துக்குள் விடாதீர்கள். பெற்றோரின் கையெழுத்து கடன் ஒப்பந்தத்தில் விழுந்தபின் அதிலிருந்து மீள்வது கடினம். தமிழிலேயே கேள்விக்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயிற்றுநர் பாடத் தயாரிப்புக்குப் பயன்படுத்தலாம். அவை தவறான விடையையும் அதே உறுதியோடு சொல்லும் என்பதால், தவறைக் கண்டுபிடிக்க இன்னும் பழகாத பிள்ளையிடம் தனியே விட வேண்டாம்.

கடைசியாக, படம் கேட்கும் உங்கள் ஊர்க்காரர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தங்கள் பணம் பிள்ளைகளைச் சேர்ந்தது என்று கண்ணால் பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. மையம் திறக்கும் நாளில் படம் எடுத்து அனுப்புங்கள். அதோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத் தாளும் அனுப்புங்கள்: மூன்றாம் வகுப்புப் பத்தியைத் தடங்கலின்றிப் படிப்பவர் முன்பு எத்தனை பேர், இப்போது எத்தனை பேர், வகுத்தல் தெரிந்தவர் எத்தனை பேர், பெண் பிள்ளைகளின் வருகை எப்படி, கல்லூரிக்கு யார் யார் விண்ணப்பித்தார்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண் போதும். முதல் தாளில் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனையின் முடிவை உள்ளபடியே எழுதுங்கள். எண்கள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கூட்டிக் காட்ட வேண்டாம். சோதனைத் தாள்களின் நகலை எனக்கும் அனுப்பினால், குழு பிரிப்பதிலும் எந்தப் பாடத்திலிருந்து தொடங்குவது என்பதிலும் உங்கள் பயிற்றுநர்களுக்கு எழுதி உதவுகிறேன்.